கொள்முதல் மேசையில் தொடங்கும் நிலையான வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் நடத்துபவர்களும், கொள்முதல், தரம், கணக்கு, மனிதவளம் ஆகிய துறைகளில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நிலையான வளர்ச்சி என்கிறார்களே, ஒரு நிறுவனத்துக்கு அதன் பொருள் என்ன?

ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம் 1987-இல் சொன்ன விளக்கம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்ளலாம், ஆனால் வரப்போகும் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது. உலகத்துக்குப் பொதுவாகச் சொன்ன இதை ஒரு நிறுவனத்துக்குப் பொருத்தினால் கேள்வி நேராக வந்து விழும். நாம் சம்பாதிக்கும் லாபத்தில் ஒரு பங்கு, யாரோ ஒருவருடைய ஆற்றிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ கூலியிலிருந்தோ எடுத்ததாக இருக்கிறதா? இருந்தால் எங்கே, எவ்வளவு, எப்படி நிறுத்துவது?

லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி மரம் நடுவது, பள்ளிக்கூடம் கட்டுவது எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவை பதிலாகாது. இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மதிப்புச் சங்கிலியும் விநியோகச் சங்கிலியும் ஒன்றா?

ஒன்றில்லை. விநியோகச் சங்கிலி என்றால் மூலப்பொருள் முதல் நம் கைக்கு வருவது வரையும், பிறகு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்வது வரையும் பொருள் நகரும் பாதை. மதிப்புச் சங்கிலி அதைவிடப் பெரியது. வடிவமைப்பு, விளம்பரம், விற்பனை, வாங்கியவர் அதைப் பயன்படுத்தும் காலம், பழுதுபார்ப்பு, கடைசியில் அது குப்பையாவது அல்லது மறுசுழற்சிக்குப் போவது, எல்லாம் அதில் அடங்கும். 1985-இல் மைக்கேல் போர்ட்டர் இந்தச் சொல்லைப் பரப்பியபோது, ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் வேலைகளைத்தான் முதன்மையாக மனதில் வைத்திருந்தார். இப்போது சுரங்கத்திலிருந்து குப்பைமேடு வரை அதன் பொருள் விரிந்துவிட்டது.

எங்கள் ஆலைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வெளியே நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். தங்கள் கூரையில் சோலார் பலகை போட்டிருப்பார்கள், கழிவுநீரைச் சுத்திகரித்திருப்பார்கள். அவர்கள் செய்தது வீண் இல்லை. ஆனால் பாதிப்பின் பெரும்பகுதி அந்தக் கூரைக்குக் கீழே இல்லை.

கார்பன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுமைக்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை உமிழ்வை மூன்று பிரிவாகப் பார்க்கிறது. நம் உலையிலும் வண்டியிலும் நாமே எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிவது ஸ்கோப் 2. மற்ற எல்லாம் ஸ்கோப் 3. இந்த மூன்றாவதற்கான தனி அளவுகோல் 2011-இல் வந்தது. அதில் 15 வகைகள் உண்டு: வாங்கிய சரக்கு, போக்குவரத்து, பணியாளர் பயணம், விற்ற பொருளின் பயன்பாடு, அதன் கடைசிக் கழிவு என்று போகும். கணக்குப் போட்டுப் பார்க்கும் பெரும்பாலான உற்பத்தி நிறுவனங்களில் இந்த மூன்றாவது பிரிவுதான் மற்ற இரண்டையும் விழுங்கும் அளவுக்குப் பெரிதாக நிற்கிறது.

அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். பெட்ரோலில் ஓடும் கார் செய்பவருக்கு, கார் விற்ற பிறகு சாலையில் எரியும் எரிபொருள்தான் பெரும்பங்கு. சலவைத்தூள் செய்பவருக்கு, வாடிக்கையாளர் துணி துவைக்கத் தண்ணீரைச் சூடாக்கும் ஆற்றல். குறைந்த வெப்பத்திலேயே அழுக்கை எடுக்கும் தூளைக் கண்டுபிடித்தால், அந்த ஆலை தன் விளக்கையெல்லாம் மாற்றியதைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும். சிமென்ட் நேர்மாறு. அங்கே சிக்கல் ஆலைக்கு உள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்த கார்பன் டை ஆக்சைடே வெளியேறிவிடும். உமிழ்வில் பாதிக்கு மேல் இந்த வேதிவினையால்தான் வருகிறது, எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. ஆகவே பக்கத்து நிறுவனம் செய்ததைப் பார்த்து நாமும் செய்வதில் பயனில்லை.

மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் 2021-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தார்கள். பளபளப்பான தலைமையகத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். துணை ஒப்பந்தக்காரருக்கும் துணையாக இருப்பவரிடம், ஆள் பிடித்துக்கொடுக்கும் தரகரின் கடன் கணக்கில் இருப்பார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எங்களுக்கு நூற்றுக்கணக்கான சப்ளையர்கள்.

எல்லாரையும் ஒரே நாளில் பிடிக்க முயலாதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் ஒரு பெரிய எக்செல் கோப்போடு களைத்து உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் முக்கியப் பொருள் ஒன்றின் பயணத்தை வரையுங்கள். தோண்டிய இடம் அல்லது விளைந்த இடத்திலிருந்து தூக்கியெறியும் இடம் வரை. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளே முதல் கண்டுபிடிப்பு. பெரும்பாலான நிறுவனங்களுக்கு நேரடியாகச் சரக்குத் தருபவரைத் தெரியும், அவருக்குத் தருபவரைத் தெரியாது.

அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாதிப்பு எங்கே மிக ஆழமானது? நம் சொல் எங்கே எடுபடும்? முதல் கேள்விக்குத்தான் முன்னுரிமை. 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாவிட்டால், மிகக் கடுமையான பாதிப்பையும் தாமதித்தால் சரிசெய்ய முடியாததையும் முதலில் கவனிக்க வேண்டும். நாம் அதிகம் பணம் செலவழிக்கும் சப்ளையரும் அதிகம் பாதிப்பு உண்டாக்கும் சப்ளையரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆண்டுக்கு ஒரு சிறு தொகைக்கு வாங்கும் சாயப்பொருள் ஒரு ஆற்றையே கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

சங்கிலி நீளமாக இருந்தால் அதன் இடுப்பைத் தேடுங்கள். வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய கனிமங்களை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் எண்ணற்ற சிறு சுரங்கங்கள், மறுபக்கம் எண்ணற்ற மின்னணு நிறுவனங்கள். நடுவே உருக்காலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் உலகத்தில் சில நூறுதான். இந்தக் கனிமங்களின் விற்பனையால் போர்க்குழுக்களுக்குப் பணம் போவதைத் தடுக்க நினைத்தவர்கள் அந்த உருக்காலைகளைத்தான் பிடித்தார்கள். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு குறுகலான இடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

நடத்தை விதிகளை அனுப்பி எல்லா சப்ளையரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதாதா?

போதாது. அந்தக் காகிதம் இருப்பது நல்லது, பிறகு பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று தெரிந்தவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்தாரா, அவர் மொழியில் இருந்ததா, அதைச் செய்ய அவருக்கு வழி இருக்கிறதா என்று யார் கேட்டது?

அப்படியானால் ஆடிட் செய்தால்?

ஆடிட், அதாவது வெளி ஆய்வாளர் ஆலைக்கே போய்ப் பார்த்து அறிக்கை தருவது, தேவை. ஆனால் அதை மட்டும் நம்பி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்ஏ8000 என்ற பணியிட நெறிச் சான்றிதழ் பெற்றிருந்தது. தீ வைக்கப்பட்டது என்று பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீயை யார் வைத்திருந்தாலும், பூட்டிய கதவும் கம்பியடித்த ஜன்னலும்தான் அத்தனை பேரை உள்ளேயே சாகவிட்டன. கதவு பூட்டியிருப்பதைப் பார்ப்பதற்குத்தானே ஆடிட்?

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஆட்களை வர வேண்டாம் என்றது, ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். சில மாதங்களுக்கு முன் அது நிலையாக இருக்கிறது என்று வெளி ஆய்வு நிறுவனம் சான்றளித்திருந்தது.

மூன்று இடத்திலும் பொதுவாக என்ன தெரிகிறது? ஆய்வாளருக்குக் கூலி கொடுப்பது ஆய்வுக்கு உட்படுபவரோ, நல்ல முடிவை எதிர்பார்க்கும் வேறொருவரோதான். வருவது முன்கூட்டியே தெரியும். அறிக்கை அலமாரிக்குள் போய்விடும். கூலி ஏட்டைப் பார்ப்பவர்கள் கட்டடத்தின் தூணைப் பார்ப்பதில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் உருவான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் இதையெல்லாம் திருப்பிப் போட்டது. தொழிற்சங்கங்களும் 200-க்கும் மேற்பட்ட வாங்கும் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொறியாளர்கள் கட்டடத்தைப் பார்த்தார்கள். ஆய்வு முடிவுகள் ஆலை வாரியாகப் பொதுவில் வெளியாயின. பழுதுபார்க்கப் பணம் கிடைக்கும்படி செய்வதில் வாங்குபவருக்கும் பொறுப்பு வைக்கப்பட்டது. சரிசெய்ய மறுத்த ஆலையோடு யாரும் வணிகம் செய்யக் கூடாது என்றானது. தொழிலாளர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல வழி இருந்தது. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளில் வேலை நடந்தது. எல்லாத் தொழிலிலும் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் பொதுவில் வெளியிடுவது, தொழிலாளர் குரலைச் சேர்ப்பது, செலவைப் பகிர்வது ஆகிய மூன்றையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தில், ஐம்பது ஆடிட் அறிக்கையைவிட, வேலை செய்பவரின் கையில் இருக்கிற, யாராவது உண்மையில் எடுத்துப் பேசுகிற ஒரு புகார் எண் அதிகம் காப்பாற்றும்.

கொள்முதல் துறைக்கு இதில் என்ன வேலை?

பாதிக்கு மேல் வேலை அவர்களுடையதுதான். நிலையான வளர்ச்சிக்கு என்று தனித் துறை இருக்கிற பல நிறுவனங்களில், அந்தத் துறை ஒரு கையால் கட்டுவதைக் கொள்முதல் இன்னொரு கையால் அவிழ்த்துக்கொண்டிருக்கும். இரு தரப்பும் நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். ஆளுக்கொரு இலக்கைக் கொடுத்திருப்பதால் வருகிற வினை இது.

ஒரு ஆர்டர் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சென்ற ஆண்டைவிட ஐந்து சதவீதம் குறைத்துக் கொடு என்கிறோம். மாதிரியை உறுதிசெய்ய நாம் மூன்று வாரம் தாமதிக்கிறோம், ஆனால் கப்பல் தேதி மாறாது. நடுவில் நிறத்தையோ எண்ணிக்கையையோ மாற்றுகிறோம். சரக்கு வந்து தொண்ணூறு நாள் கழித்துப் பணம் கொடுக்கிறோம். இதே ஆர்டரோடு இன்னொரு தாளில், வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சம்பளத்தைத் தாமதிக்கக் கூடாது, அனுமதியில்லாமல் வேறு ஆலைக்கு வேலையை மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். இரண்டையும் ஒரே ஆள் எப்படி நிறைவேற்றுவார்? மூன்று வாரத் தாமதத்தை இரவு வேலையால் ஈடுகட்டுவார். அதுவும் முடியாவிட்டால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு கொட்டகைக்கு வேலையை அனுப்புவார். அந்தக் கொட்டகை எந்த ஆடிட் பட்டியலிலும் இருக்காது.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது இது பச்சையாகத் தெரிந்தது. பல ஆடை நிறுவனங்கள், துணி வெட்டித் தைத்து முடித்த ஆர்டர்களைக்கூட ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நின்றன. அந்த நிறுவனங்களில் பலவற்றுக்கு அழகான நடத்தை விதிகள் இருந்தன. விதியெல்லாம் சப்ளையருக்குத்தான், வாங்குபவரைக் கட்டுப்படுத்த ஒரு வரியும் இல்லை.

ஆகவே விதிகள் இரு பக்கமும் ஓட வேண்டும். உறுதிசெய்த பின் ஆர்டரை மாற்றினால் தேதியும் மாறும், அதற்கான செலவு நம்முடையது. வேலை முடிந்த சரக்குக்குக் கட்டாயம் பணம் உண்டு, இத்தனை நாளுக்குள். விலை பேசும்போது கூலிப் பகுதியைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தில் பேரம் பேசலாம். ஓராண்டுக்கு வாங்குவோம் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் கடன் வாங்கிப் புதிய கொதிகலனோ சுத்திகரிப்புக் கருவியோ போடுவார். அடுத்த மாதம் ஆர்டர் வருமா என்று தெரியாதவரிடம் பத்தாண்டு முதலீட்டைக் கேட்பது நியாயமில்லை.

கொள்முதல் அதிகாரியின் ஆண்டு மதிப்பீட்டையும் பாருங்கள். அதில் மிச்சப்படுத்திய பணம் மட்டும் இருந்தால், மற்ற எல்லாப் பேச்சும் பேச்சாகவே இருக்கும். நிலையான கொள்முதலுக்கு 2017-இல் வந்த ஐஎஸ்ஓ 20400 என்ற வழிகாட்டி இருக்கிறது. சான்றிதழ் வாங்கும் தரநிலை இல்லை அது, எப்படிச் செய்வது என்று சொல்லும் கையேடு. அதனாலேயே படிக்கத் தகுந்தது.

ஒரு சப்ளையரிடம் தவறைக் கண்டுபிடித்தோம். உடனே உறவை முறித்துக்கொள்ள வேண்டுமா?

முதல் உந்துதல் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் நம் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். 1990-களின் தொடக்கத்தில் குழந்தைகள் தயாரித்த பொருள்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை. ஆனாலும் பயந்துபோன வங்கதேச ஆடை ஆலைகள் 1993-இல் குழந்தைகளை வெளியே அனுப்பின. யுனிசெஃப் மதிப்பீட்டில் சுமார் 50,000 பேர். பள்ளிக்கூடம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் போனார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களுக்குப் போனார்கள். 1995-இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. பள்ளியில் இடம், படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை என்று ஏற்பாடு செய்த பிறகு குழந்தைகளை ஆலையிலிருந்து எடுப்பது என்றானது.

அந்தக் குழந்தைகளை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். முதலில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். சப்ளையரோடு காலக்கெடு வைத்துச் சரிசெய்யுங்கள், தேவைப்பட்டால் செலவில் பங்கெடுங்கள். மறைத்தால், மறுத்தால், உயிருக்கு ஆபத்தான நிலையைத் தொடர்ந்தால் வெளியேறுங்கள். அப்போதும் முன்னறிவிப்போடு, பாக்கியைத் தீர்த்துவிட்டு வெளியேறுங்கள்.

குழந்தை உழைப்பு குறையவே குறையாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று: உலக மதிப்பீடு 2020-இல் 16 கோடியாக இருந்தது, 2024-இல் 13 கோடியே 80 லட்சம். இன்னும் கொடுமையான எண்தான், ஆனால் இறங்கும் எண்.

நாங்கள் சிறு நிறுவனம். பெரிய நிறுவனங்கள் எங்களிடம் கேள்விப்பட்டியல் அனுப்புகின்றன. என்ன செய்வது?

ஒரே தகவலைப் பத்துப் பேர் பத்து வடிவத்தில் கேட்பார்கள், அது உண்மையான சுமை. ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்து வையுங்கள்: ஆண்டு மின்சாரம், எரிபொருள், தண்ணீர், கழிவு, பணியாளர் எண்ணிக்கை, விபத்துகள், குறைந்தபட்சச் சம்பளம். இவற்றில் முக்கால்வாசி உங்கள் பில்களிலும் சம்பளப் பட்டியலிலும் ஏற்கெனவே இருக்கிறது. தெரியாததற்கு அளக்கவில்லை என்று எழுதுங்கள். அழகான பொய்யைவிட அது உங்களுக்கே பாதுகாப்பு.

கேட்கிற நிறுவனத்திடம் நீங்களும் கேளுங்கள்: இந்தத் தகவலை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள், நல்ல எண் கொடுத்தால் ஆர்டரில் அது தெரியுமா? கேட்கத் தயங்க வேண்டாம்.

செலவு அதிகமாகுமே?

சிலவற்றில் குறையும், சிலவற்றில் கூடும். எல்லாம் லாபத்தில்தான் முடியும் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

ஆற்றலும் பொருளும் வீணாவதைத் தடுத்தால் பணம் மிச்சமாகும். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். பாதுகாப்பான கட்டடம், வாழத் தகுந்த கூலி, கழிவைச் சுத்திகரிப்பது ஆகியவற்றுக்குப் பணம் ஆகத்தான் ஆகும். இதுவரை அந்தச் செலவு இல்லாமல் இருக்கவில்லை. வேறு யாரோ தம் உடம்பாலும் தண்ணீராலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நம் கணக்குப் புத்தகத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கணக்கில் கொண்டுவர ஒரு வழி உள் கார்பன் விலை. மைக்ரோசாஃப்ட் 2012 முதல் தன் பிரிவுகளிடமிருந்து உமிழ்வுக்கு ஏற்ப உள் கட்டணம் வசூலிக்கிறது. பட்ஜெட்டில் ஒரு வரியாக வந்துவிட்டால் பொறியாளர்களும் கணக்காளர்களும் தானாகவே வழி தேடத் தொடங்குவார்கள்.

வடிவமைப்பில் என்ன செய்ய முடியும்?

நிறைய. எந்தப் பொருளால் செய்வது, எப்படி இணைப்பது, கழற்ற முடியுமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒட்டுப்பசைக்குப் பதில் திருகாணி போட்டால் பழுதுபார்ப்பவர் பிழைப்பார், பொருளும் பிழைக்கும்.

கார்பெட் ஓடுகள் செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ரே ஆண்டர்சன் 1994-இல் தன் தொழில் பூமியைச் சூறையாடுகிறது என்று உணர்ந்து, 2020-க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யமாக்குவது என்று இலக்கு வைத்தார். பெட்ரோலியத்தை நம்பியிருந்த தொழில் அது. ஆராய்ந்தபோது பாதிப்பின் பெரும்பங்கு வெளியிலிருந்து வாங்கும் நைலான் நூலில் இருந்தது. ஆகவே மறுசுழற்சி நூலைக் கொடுக்கும்படி நூல் ஆலைகளைக் கேட்டு, அவர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய வேண்டியிருந்தது. தன் ஆலையை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நின்றிருந்தால் அந்த இலக்கின் அருகில்கூடப் போயிருக்க முடியாது.

விற்பதற்குப் பதில் பயன்பாட்டுக்குக் கட்டணம் வாங்குவது இன்னொரு வழி. விமான எஞ்சின் துறையில் 1962-லேயே பறந்த மணிக்கணக்குக்குக் கட்டணம் என்ற முறை வந்தது. எஞ்சின் பழுதானால் செய்தவருக்கு நஷ்டம், ஆகவே நீடித்து உழைக்கும்படி செய்வார். எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. ஒத்துவருமா என்று யோசித்துப் பார்ப்பதில் செலவில்லை.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

தன்னார்வமாக இருந்தது மெல்லக் கட்டாயமாகிக்கொண்டிருக்கிறது. பிரிட்டன் 2015-இல் நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டத்தில் பெரிய நிறுவனங்கள் ஆண்டு அறிக்கை தர வேண்டும் என்றது. பிரான்ஸ் 2017-இல் பெரிய நிறுவனங்களுக்குத் தங்கள் சப்ளையர்கள் வரை மனித உரிமை, சுற்றுச்சூழல் பாதிப்பு குறித்து விழிப்போடு இருக்கும் கடமையை விதித்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்கான பொது ஆணையை நிறைவேற்றியது. ஆனால் 2025-இல் அதைத் தளர்த்துவதும் தள்ளிப்போடுவதும் தொடங்கிவிட்டது. தளர்ந்ததைச் சாக்காக வைத்து வேலையை நிறுத்திவைப்பது தவறு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பூட்டிய கதவு சட்டத் தேதியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

ஏற்றுமதி செய்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்பு எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கும் கணக்கு உண்டு. இந்த ஏற்பாடு 2023 அக்டோபரில் அறிக்கை தரும் கட்டமாக ஆரம்பித்து, 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது.

அறிக்கை எழுதுவது எப்படி?

ஜிஆர்ஐ என்ற பன்னாட்டு அறிக்கை அளவுகோல், நிறுவனம் உலகத்துக்குச் செய்யும் பாதிப்பைக் கேட்கிறது. 2023-இல் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகள் உலக மாற்றத்தால் நிறுவனத்தின் நிதிக்கு வரும் ஆபத்தைக் கேட்கின்றன. இரண்டும் வேறு கேள்விகள், இரண்டுக்கும் பதில் வேண்டும். அறிக்கை எழுதுவதே வேலையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டில் ஆறு மாதம் அறிக்கைக்கே போகிறது என்றால் ஏதோ தவறு.

ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளின் வண்ணப் படங்களை எல்லாப் பக்கத்திலும் ஒட்டுவதற்குப் பதில், உங்கள் தொழில் எந்த இலக்குக்குக் கெடுதல் செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் படிப்பார்கள்.

பச்சைப் பூச்சு (கிரீன்வாஷிங்), அதாவது இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டுவது என்கிறார்களே, தெரியாமல் அதில் விழுந்துவிடுவோமா?

விழ முடியும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொதுவாக எழுதுவதே முதல் குழி. எதோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று சொல்ல முடியாததை எழுதாதீர்கள். பெட்டி மட்டும் மறுசுழற்சி அட்டை என்றால் பெட்டி மட்டும் என்றே எழுத வேண்டும். வேறெங்கோ மரம் நட்ட கணக்கைக் காட்டி ஒரு பொருளைக் 'கார்பன் நடுநிலை' என்று விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த ஆணை தடை செய்கிறது, 2026 செப்டம்பர் 27 முதல் அது செல்லும். முதலில் சொந்த உமிழ்வைக் குறையுங்கள். ஈடுசெய்யும் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பதை நன்கொடையாகத் தனியாகச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால்?

கடைசிப் பத்து பர்ச்சேஸ் ஆர்டர்களை எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணைக் குறியுங்கள்: உறுதிசெய்த பிறகு நாம் எத்தனை முறை மாற்றினோம், நம் பக்கம் எத்தனை நாள் தாமதம், சரக்கு வந்து எத்தனை நாளில் பணம் போனது. பிறகு அந்தப் பத்துப் பேரில் மூன்று பேரைக் கூப்பிட்டு, அந்த நாள்களில் உங்கள் ஆலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கொள்முதல் அதிகாரியும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். ஆர்டர் எதுவும் குறையாது என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.